புறங்கை

பேராசிரியர் யக்ஞநாராயணன் வகுப்பில் வாயைத் திறப்பது பாடம் சொல்வதற்கு மட்டும்தான். மற்ற எல்லாவற்றுக்கும் அவருக்குக் கை, கண், புருவம், மோவாய் போதும். உட்கார் என்றால் மோவாய் ஒரு விரற்கடை கீழே இறங்கும். தப்பு என்றால் மூக்குக் கண்ணாடியின் மேல் ஆள்காட்டி விரல் ஒரு தட்டுத் தட்டும். மேலே சொல் என்றால் இடது புருவம் ஏறும். கடைசியாக ஒன்று உண்டு. மேஜைமேல் படுத்திருக்கும் வலது கை எழுந்து, புறங்கையால் காற்றை ஒரே ஒரு தடவை தள்ளிவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்ளும். அப்போது அவர் பையனைப் பார்க்கமாட்டார், ஜன்னலைப் பார்ப்பார். உனக்குத் தெரிந்திருக்கிறது, இதற்குமேல் நீ சொல்லிக் கேட்க வேண்டியதில்லை என்று அதற்குப் பொருள். அவர் கொடுக்கிற பட்டங்களிலேயே பெரிய பட்டம் அதுதான்.

இதையெல்லாம் எந்தப் புத்தகத்திலும் எழுதி வைக்கவில்லை. கல்பாத்தி அக்ரகாரத்துப் பையன்களுக்கு அண்ணன்மார் சொல்லிக் கொடுத்தார்கள். டவுன் பையன்கள் கல்பாத்திப் பையன்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். பெண்களுக்கு யாரும் சொல்லவில்லை. சத்தம் போடுவது சந்தையில் மாட்டுத் தரகு பேசுகிறவன் வேலை என்பது யக்ஞநாராயணன் சாரின் கொள்கை. "என் கிளாஸில் கொசு பறந்தால் கேட்கும்" என்று மற்ற வாத்தியார்களிடம் சொல்லிக்கொள்வார். கொசு பறந்தது கேட்டது வாஸ்தவம்தான். கடைசி பெஞ்சில் ஒருத்தி மூன்று வருஷமாக அவர் கையைப் பார்த்து என்ன நினைத்துக்கொண்டிருந்தாள் என்பதுதான் கேட்கவில்லை.

அந்த ஒருத்தி வேலுத்தாய். சித்திரபுரத்துக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டிலிருந்து பாலக்காட்டுக்குக் கெமிஸ்ட்ரி படிக்க வந்தவள். அப்பா சங்கையா ஃபேக்டரியில் கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை. அம்மா ராமுத்தாய் கொழுந்து பறிக்கிற கூடைக்காரி, அதுவும் டெம்பரவரி. பதினேழு வருஷமாக டெம்பரவரி. தங்கைகள் இரண்டு பேர். எஸ்டேட் கொடுத்த லயத்து வீடு, வரிசை வீடுகளில் ஒன்று, சங்கையா பெயரில் இருந்தது. எழுபத்தைந்தாம் வருஷம் ஜூன் மாதம் சங்கையாவுக்கு அறுபது முடிந்து வேலையும் முடிகிறது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. அவர் இடத்தில் பிள்ளைகளில் ஒருவர் பேர் பதிந்தால்தான் கூரை தங்கும்.

எஸ்டேட் மானேஜர் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். பெண் பி.எஸ்ஸி. பாஸ் பண்ணிக்கொண்டு வந்தால் ஃபேக்டரியில் தேயிலையின் ஈரம் பார்க்கிற சோதனை அறையில் வேலை, ஸ்டாஃப் உத்தியோகம், தனி வீடு. பாஸ் பண்ணாவிட்டால் கூடை. வேலுத்தாய்க்கு நடுவழி என்று ஒன்று இல்லை. மலையில் அது எல்லாருக்கும் தெரியும். பாலக்காட்டில் ஒருவருக்கும் தெரியாது. யாரும் கேட்கவுமில்லை.

எஸ்டேட்டில் கண்டக்டர் என்றால் பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிறவர் இல்லை. காலையில் மஸ்டர், அதாவது ஆள் கணக்கு, எடுக்கிற ஆள், பேர்ப் புத்தகத்தைக் கையில் வைத்திருக்கிற ஆள். குளிரில் விறைத்துக்கொண்டு நூறு பேர் வரிசையாக நிற்பார்கள். கண்டக்டரையா ஒவ்வொரு முகமாகப் பார்த்துப் பேர் எழுதிக்கொண்டு வருவார். டெம்பரவரி ஆட்கள் வரிசைக்கு வந்ததும் பேனா சில முகங்களின் முன் எழுதாது. தலையை நிமிர்த்தாமலே புறங்கையால் ஒரு தள்ளு தள்ளுவார், பார்வை தேயிலைக் காட்டுப் பக்கம் போய்விடும். அவ்வளவுதான். இன்றைக்கு உனக்குப் பேர் இல்லை, போ என்று அர்த்தம். ஏன் என்று கேட்கக் கூடாது. இரண்டு எட்டுப் பின்னால் வைத்துத் திரும்பிப் போய்விட வேண்டும்.

ராமுத்தாய் ஒரு தடவை கேட்டாள். வேலுத்தாய் எட்டாவது படிக்கும்போது நடந்தது. "ஏங்கய்யா, நான் நேரத்துக்குத்தான வந்தேன்?" இவ்வளவுதான் கேட்டாள். பன்னிரண்டு நாள் அவள் பேர் புத்தகத்தில் ஏறவில்லை. பன்னிரண்டு நாளும் வீட்டில் சோற்றுக்குப் பதில் கப்பைக் கிழங்கு. பாலக்காட்டுக்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிய அன்றைக்கு அம்மா சொன்ன புத்தி இதுதான்: "வாயத் தொறந்துராதத்தா. ஒம் படிப்பு ஒங் கையில இருக்கட்டும், வாயில வேணாம். பெரியவுக சாடை காட்டினா அதே உத்தரவுன்னு போயிரு."

இப்படிப்பட்டவள் யக்ஞநாராயணன் சார் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைக்கப்பட்டால் என்ன ஆகும்? சார் கேள்வி கேட்பார், முன் பெஞ்சுப் பையன் எழுந்து பதில் சொல்வான், பாதியிலேயே சாரின் புறங்கை எழும், பையன் உட்கார்ந்துவிடுவான். பாவம், பேர் இல்லை என்று சொல்லிவிட்டாரே என்று வேலுத்தாய் நினைத்துக்கொள்வாள். அந்தப் பையன் திரும்பிச் சிநேகிதனைப் பார்த்துப் பல்லைக் காட்டுவான். டவுன் பிள்ளைகளுக்கு ரோஷம் என்பதே கிடையாது போலிருக்கிறது என்றும் நினைத்துக்கொள்வாள். பதில் சரியாகத்தானே இருந்தது என்று சில நாள் தோன்றும். அதனால் என்ன, அம்மாவும் நேரத்துக்குத்தானே போயிருந்தாள்.

மூன்று வருஷத்தில் சார் அவளை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டே இருக்கிற பெண்ணுக்குப் பாடம் புரியவில்லை என்பது அவர் கணக்கு. புரிந்தவர்கள் கண்ணைப் பார்ப்பார்களாம். பெரியவர்களை நேருக்கு நேர் பார்ப்பதற்குத் தேயிலைத் தோட்டத்தில் என்ன பேர் என்று அவருக்குத் தெரியாது. பரீட்சைத் தாளில் மட்டும் எழுபதுக்குமேல் வாங்கிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்து ஒருநாள் தாளைத் திருப்பித் திருப்பிப் புரட்டினார். பக்கத்தில் இருப்பவளைப் பார்த்து எழுதினாளோ என்னவோ என்று சந்தேகம் வந்திருக்கும்.

மார்ச் மாதம் கடைசிப் பிராக்டிகல் பரீட்சை வந்தது. வெளியிலிருந்து பரீட்சை எடுக்க வந்தவர் கபிரியேல் சார், திருச்சூர்ப் பக்கம் ஏதோ கல்லூரியில் வாத்தியார், தொந்தியும் சிரிப்புமாக இருப்பவர். உள்ளூர்ப் பரிசோதகர் யக்ஞநாராயணன். காலையில் டைட்ரேஷன் செய்து முடித்துவிட்டு மத்தியானம் ஒவ்வொருவராக லேபுக்கு அடுத்த தராசு அறைக்குள் போய்ப் பதில் சொல்ல வேண்டும். வைவா என்று பேர். நாலு கேள்வி கேட்பார்கள். அதில் தோற்றால் பிராக்டிகலில் தோல்வி, பிராக்டிகலில் தோற்றால் டிகிரி இல்லை. வேலுத்தாயின் நம்பர் கடைசி.

உள்ளே போனாள். மேஜைக்கு அந்தப் பக்கம் இரண்டு நாற்காலி, இந்தப் பக்கம் ஒன்றுமில்லை. எல்லாரும் நின்றுகொண்டேதான் பதில் சொன்னார்கள். அவளும் நின்றாள், கையைக் கட்டிக்கொண்டு, மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டு.

பர்மாங்கனேட்டை வைத்து டைட்ரேஷன் செய்யும்போது சல்ஃப்யூரிக் ஆசிடைத்தானே ஊற்றுகிறோம், ஹைட்ரோகுளோரிக்கை ஏன் ஊற்றுவதில்லை என்று யக்ஞநாராயணன் கேட்டார். சுலபமான கேள்வி இல்லை, கஷ்டமானதும் இல்லை. பாதிப்பேர் அன்றைக்கு அதில் உளறியிருந்தார்கள். வேலுத்தாய் உளறவில்லை. ஹைட்ரோகுளோரிக்கை ஊற்றினால் பர்மாங்கனேட் அதையும் பிடித்துக் குளோரினாக்கிவிடும், நமக்கு வேண்டியதைவிட அதிகம் பர்மாங்கனேட் செலவாகும், கணக்குப் பொய்யாகிவிடும் என்று மெதுவாக, தப்பில்லாத இங்கிலீஷில் சொன்னாள். நைட்ரிக்கும் ஆகாது என்று ஆரம்பித்தாள். அது அவர் கேட்காதது. தெரிந்திருந்ததால் வாயில் வந்துவிட்டது.

யக்ஞநாராயணன் சாருக்கு உள்ளுக்குள் நிமிர்ந்து உட்கார வேண்டும் போலிருந்திருக்கும். அன்றைக்கு முப்பத்தொரு பேரில் யாரும் நைட்ரிக் வரைக்கும் போகவில்லை. அவருடைய வலது கை எழுந்தது. புறங்கை காற்றை ஒரு தடவை தள்ளியது. கண் ஜன்னலுக்குப் போனது.

வேலுத்தாய் அப்படியே நின்றாள். வகுப்பாயிருந்தால் உட்காரலாம். உட்கார இங்கே இடம் இல்லை. அப்புறம் ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. கையைக் கூப்பினாள், இரண்டு எட்டுப் பின்னால் வைத்தாள், திரும்பி வெளியே வந்துவிட்டாள். தான் சொன்ன பதில் சரி என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் வந்தாள். அதுதான் தாங்க முடியவில்லை. வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு வாயை முந்தானையால் அடைத்துக்கொண்டு அழுதாள்.

லேபில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்த அட்டெண்டர் ஈஸ்வரமூர்த்தி எட்டிப் பார்த்தார். மீனாட்சிபுரத்துக்காரர், நாலு எருமை வைத்துப் பால் ஊற்றிவிட்டு அப்புறம் வேலைக்கு வருகிறவர், யாரிடமும் நாலு வார்த்தை பேசாமல் இருக்க முடியாதவர்.

"ஏனுங்க அம்மிணி, எதுக்குங்க அதுக்குள்ள வெளிய வந்துட்டீங்க?"

"போகச் சொல்லிட்டாகண்ணே."

"எப்பங்க சொன்னாரு? நான் கதவுக்குப் பொறத்தாலதான நிக்கிறேன், எனக்குக் கேக்கலீங்களே."

அவள் கையால் செய்து காட்டினாள். ஈஸ்வரமூர்த்தி ஈரக் கையாலேயே நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அட என்ரப்பனே! அது போகச் சொல்றதில்லீங்க அம்மிணி. மனுசன் சொக்கிப் போயிட்டாருன்னு அர்த்தமுங்க. பலே, அடுத்த கேள்வின்னு அர்த்தம். போன வருசம் ரேங்கு வாங்குன பையனுக்கு ரெண்டே தடவை அப்பிடிச் செஞ்சாரு, அவன் அதையே ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சானுங்க. போங்க, உள்ள போயி வெவரத்தச் சொல்லுங்க, சீக்கிரம் போங்க."

மூன்று வருஷம் தான் பரிதாபப்பட்ட பையன்கள் எல்லாரும் வரிசையாகப் பல்லைக் காட்டிக்கொண்டு வேலுத்தாயின் கண்முன்னே வந்தார்கள். உள்ளேயிருந்து கபிரியேல் சாரின் குரல் கேட்டது.

"ஆ குட்டி எந்தா போயது? விளிக்கட்டே சாரே?"

அந்தப் பெண் ஏன் போய்விட்டாள், கூப்பிடட்டுமா என்று கேட்கிறார். பதிலுக்காக வேலுத்தாய் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். பதில் சத்தம் எதுவும் வரவில்லை. எப்படி வரும்? மூக்குக் கண்ணாடியை விரலால் ஒரு தட்டுத் தட்டினார் என்று ஈஸ்வரமூர்த்தி பிறகு சொன்னார். வேண்டாம், தானாக வரட்டும் என்று அர்த்தமாம். தான் பாராட்டும்போதே முகத்தைத் திருப்பிக்கொண்டு போன ஒரு மாணவி இருபத்திரண்டு வருஷத்தில் இவள்தான். வந்து மன்னிப்புக் கேட்டால் மீதிக் கேள்விகளைக் கேட்கத் தயாராகத்தான் இருந்தார். மனிதர் கெட்டவர் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

தானாக உள்ளே போவது எப்படி என்று வேலுத்தாய்க்குத் தெரியாது. மஸ்டரில் பேர் இல்லை என்று சொல்லப்பட்டவள் திரும்ப வரிசைக்குள் நுழைந்தால் என்ன நடக்கும் என்று அவள் பார்த்திருக்கிறாள். அங்கே இருக்கிற ஒரே வழி, மஸ்டர் களத்து ஓரமாக, ஐயா கண்ணில் படுகிற இடத்தில், கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் நிற்பது. நிற்பதே மனுப் போடுகிற மாதிரி. பேர் கொடுத்தவர்களில் யாராவது வரவில்லையென்றால், மனசு இருந்தால், ஐயா கூப்பிடுவார். ஆகவே தராசு அறையின் கதவுக்கு நேரே வராந்தாவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கதவு திறந்தே இருந்தது. என்னை மன்னித்துவிடுங்கள், தெரியாமல் வந்துவிட்டேன், இன்னொரு தடவை கூப்பிடுங்கள் என்று தன் உடம்பு முழுவதும் கத்திக்கொண்டிருக்கிறதாக அவள் நினைத்தாள். உள்ளேயிருந்து பார்த்தவருக்கு, கூப்பிடு தூரத்தில் நின்றுகொண்டே உள்ளே வரமாட்டேன் என்று அடம் பிடிக்கிற ஒருத்திதான் தெரிந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து யக்ஞநாராயணன் எழுந்து வெளியே வந்தார். வராந்தாக் கோடியில் இருக்கும் குழாயில் கை கழுவப் போகிற பாவனை. கை அழுக்காக இல்லை, அவளுக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கத்தான் வந்தார் என்று ஈஸ்வரமூர்த்தி சத்தியம் பண்ணிச் சொன்னார். அவர் நெருங்கியதும் வேலுத்தாய் சட்டென்று வராந்தாவைவிட்டு மண்ணில் இறங்கி ஒதுங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எஸ்டேட் ரோட்டில் துரை வந்தால் ஓரத்துக் கான் வாய்க்காலில் இறங்கித் தண்ணீரில் நின்றுதான் வழிவிட வேண்டும். நாலு வயதிலிருந்து செய்து பழகியது, காலுக்கே தெரியும். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. தன் முகத்தைப் பார்க்கக்கூடப் பிடிக்காமல் இறங்கிப் போகிறாளே என்று நினைத்தார்.

கை கழுவித் திரும்பி வரும்போது ஒரு காரியம் செய்தார். அவர் சுபாவத்துக்கு அது பெரிய காரியம். அவள் நிற்கிற இடத்துக்கு நேராக நின்று, அவள் பக்கம் திரும்பி, இடது புருவத்தை உயர்த்தினார். சொல், என்ன சொல்ல வேண்டுமோ சொல் என்று.

வேலுத்தாய்க்குத் தெரிந்தது இரண்டு செருப்பு மட்டும். கறுப்புத் தோல், இடது காலில் கட்டைவிரல் வார் புதிதாகத் தைத்தது. அந்தச் செருப்புகள் நின்றதைப் பார்த்தாள். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, கூப்பிடப் போகிறார் என்று காத்திருந்தாள். வேலு என்றால் போதும், அடியே என்றால்கூடப் போதும். காலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவளிடம் புருவத்தால் கேட்டால் அவள் எதைக் கொண்டு கேட்பாள்? செருப்புகள் மூன்று எண்ணுகிற நேரம் நின்றன. பிறகு திரும்பி உள்ளே போய்விட்டன.

"புருவத்தத் தூக்குனாருங்களே அம்மிணி! ஒரு வார்த்தை சொல்லீருக்கலாமுங்களே!" என்று ஈஸ்வரமூர்த்தி ஓடி வந்தார். அதற்குள் உள்ளேயிருந்து அரக்கு உருகுகிற வாசனை வந்துவிட்டது. மார்க் தாளை உறையில் போட்டு முத்திரை வைத்துக்கொண்டிருந்தார்கள்.

மே மாதம் ரிசல்ட் வந்தது. எழுத்துப் பரீட்சையில் முதல் வகுப்பு மார்க். பிராக்டிகலில் மூன்று மார்க் போதவில்லை, தோல்வி. சங்கையா அந்தக் காகிதத்தை லயத்தில் இங்கிலீஷ் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோய் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். ராமுத்தாய் மகளைத் திட்டவில்லை. "நாந்தான் சொன்னேன், வாயத் தொறக்காதன்னு. நாந்தான் சொன்னேன்" என்று தலையில் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஜூன் மாதம் முதல் தேதி வேலுத்தாய் அப்பாவின் இடத்தில் பேர் பதிந்தாள். வீடு தங்கியது. சோதனை அறை வேலைக்கு ஜூலையில் கோட்டயத்திலிருந்து ஒரு பையன் வந்தான். செப்டம்பரில் பிராக்டிகலை மறுபடியும் எழுதலாம் என்று கல்லூரியிலிருந்து கார்டு வந்தது. முதல் வருஷம் முடியாத ஆளுக்குப் பத்து நாள் சேர்ந்தாற்போல லீவு கிடையாது, போனால் பேரை வெட்டிவிடுவோம் என்று கண்டக்டர் சொல்லிவிட்டார். பேரை வெட்டினால் வீடு போகும். கார்டைக் கூரை இடுக்கில் செருகி வைத்தாள். மழைக்காலம் முடிவதற்குள் எழுத்தெல்லாம் கரைந்து போய்விட்டது.

மறு வருஷம் பிப்ரவரியில் யக்ஞநாராயணன் சார் கடைசி வருஷப் பையன்களைக் கூட்டிக்கொண்டு தேயிலை ஃபேக்டரி பார்க்க வந்தார். மானேஜர் பங்களாவில் காப்பி சாப்பிட்டுவிட்டு, கழுத்தில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, கொழுந்து எடை போடுகிற கொட்டகைப் பக்கம் இறங்கி வந்தார். பெண்கள் கூடையோடு வரிசையில் நின்றார்கள். அவர் ஒருத்தியைப் பார்த்து நின்றுவிட்டார். பிறகு பையன்கள் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில், ஆனால் வாயைத் திறந்தே சொன்னார்.

"அந்த மூணாவதா நிக்கிறாளே, அவள் நம்ம காலேஜாக்கும். நல்ல புத்தி. வைவாவில் நான் நன்னாச் சொன்னாய்னு கை காட்டறேன், இவளானா எறங்கிப் போயாச்சு. அரை மணி நேரம் வெளில நின்னாள், உள்ள வரலை. தலைக்கனம் இருந்தா படிப்பு எவ்விடம் கொண்டு விடும் பாத்தேளா?"

தாழ்ந்த குரல்தான், ஆனாலும் கொட்டகை சின்னது. வேலுத்தாய்க்கு நன்றாகவே கேட்டது. ஒரு வருஷமாக அவள் நினைத்திருந்தது, சாருக்குத் தன் ஞாபகமே இருக்காது என்று. ஞாபகம் இருந்திருக்கிறது. தலைக்கனம் என்று பேர் வைத்துப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடையைக் கீழே வைத்துவிட்டு வரிசையைவிட்டு வந்து அவர் எதிரில் நின்றாள்.

"சார், எனக்குத் தலைக்கனம் இல்ல. இங்க மஸ்டர்ல அப்படிக் கைய ஆட்டுனா இன்னைக்கு ஒனக்குப் பேரு இல்ல, போன்னு அர்த்தம். நீங்க போகச் சொல்றீகன்னு நெனச்சுத்தான் போனேன்."

அவர் முகம் ஒரு கணம் வெளிறிப் போனது. வலது கை மஃப்ளருக்குள் போய் ஒளிந்துகொண்டது.

"அதை... அதை அன்னிக்கே ஒரு வாக்குப் பறஞ்சிருக்கலாமே, குட்டி. கதவைத் தொறந்து வெச்சுண்டு நான் உக்காந்திருந்தேனே. நீ ஏன் வாயைத் தொறக்கலை?"

"நீங்க ஏன் சார் தொறக்கல?" என்றாள் வேலுத்தாய். "நான் வாயத் தொறந்தா பேர வெட்டுவாக. ஒங்க பேர யாரு வெட்டுவா?"

வரிசையில் நின்ற பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். இந்தக் கேள்வியை யக்ஞநாராயணனிடம் யாரும் கேட்டதில்லை, அவரே தன்னைக் கேட்டுக்கொண்டதும் இல்லை.

எடை மேஜைக்குப் பின்னாலிருந்து கண்டக்டர் வந்தார்.

"வேல நேரத்துல விருந்தாளிககிட்ட என்ன வாயி? ஏ வேலுத்தாயி, ஒனக்கு இன்னைக்கு அரைப் பேருதான்." பேர்ப் புத்தகத்தைத் திறந்து அங்கேயே எழுதினார். அரை நாள் வேலை போயிற்று என்று அர்த்தம். முதல் வருஷத்தில் மூன்று அரைப் பேர் சேர்ந்தால் பேரே போகும். இது அவளுக்கு இரண்டாவது.

எல்லாரும் யக்ஞநாராயணனைப் பார்த்தார்கள். வேலுத்தாயும் பார்த்தாள், முகத்துக்கு நேராகவே பார்த்தாள். நான்தான் பேச்சுக் கொடுத்தேன், அவள் என் மாணவி, விட்டுவிடு என்று ஒரு வார்த்தை. மானேஜர் பங்களாவில் காப்பி சாப்பிட்டுவிட்டு வந்த பாலக்காட்டுப் புரொஃபசர் சொன்னால் கண்டக்டர் அந்த இடத்திலேயே எழுதியதை அடித்துவிடுவார். கண்டக்டரும் அதற்காகவே பேனாவை மூடாமல் கொஞ்சம் நின்றார்.

யக்ஞநாராயணன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். தொண்டையைக் கனைத்தார். வாயைத் திறந்தார்.

"ஃபேக்டரிக்கு எந்த வழியாப் போகணும்?" என்று கேட்டார்.

கண்டக்டர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, இப்படி வாங்க சார் என்று மரியாதையாக முன்னால் நடந்தார்.